தீயணைக்கும் படைத் தலைவர் வந்த வழி

தீயணைக்கும் படை என்ற மாத்திரத்தே நம் மனக்கண்முன் தோன்றுவன சிவந்த வண்டியும், மணியோசையும், நெடிய ஏணியும், நீர்க்குழாயுமே. அவ்வண்டியில் விரைந்து செல்லும் வீரரைப் பற்றியும் நாம் ஒருவாறு எண்ணிப் பார்ப்பதுண்டு. ஆனால் அவ்வீரரை ஏவுகின்றவர் யார், அவர் அந்தப் பதவிக்கு எவ்வழியாக வந்து சேர்ந்தார் என்று வினவுவோர் மிகச் சிலரே. நீதிபதியானவர் வழக்கறிஞராய் இருந்து வந்தவர். வைத்தியசாலையின் தலைவர் வைத்தியம் கற்றவர். பாடசாலை அதிபர் ஆசிரியராய் இருந்தவர். தீயணைக்கும் படையின் தலைவர் எத்தொழிலிலிருந்து வந்தவர்? இக்கேள்விக்கு இருநூறு ஆண்டுகளாக ஒவ்வொரு நகரமும் ஒவ்வொரு விடை கூறி வந்திருக்கின்றது. கட்டடத் தொழிலாளி, பொலிஸ் அதிகாரி, போர்வீரர், கடற்படைத் தளபதி, அரசியற் பிரமுகரின் மருமகன், தொழிற்சங்கத் தலைவர் என்று பலதிறப்பட்டோரும் இப்பதவியை வகித்துள்ளனர். யாரை அமர்த்துவது என்பதிற் பிழை நேரும்போது அதன் விலையை ஏணி எட்டாத மாடியில் நிற்போர் கொடுக்க நேரிடும் ஆதலின், இது வெறும் உத்தியோக விவகாரம் அன்று.

இவ்வரலாறு மிகத் தெளிவாகப் பதிவாகியிருப்பது இலண்டன் மாநகரத்திலேயாம். ஆகவே பெரும்பாலும் அந்நகரத்தைப் பற்றியே இங்கு பேசுவோம். பாரிசையும் நியூயோர்க்கையும் வேண்டுமிடத்துத் தொட்டுக்கொள்வோம்.

1666-ஆம் ஆண்டிலே இலண்டனைப் பெருந்தீ ஒன்று அழித்தது. அதன் பின்னரே காப்புறுதிக் கம்பெனிகள் அங்கே தலையெடுத்தன. தம்மிடம் காப்புறுதி செய்த கட்டடங்கள் எரிந்து போனால் தமக்கே நட்டம் என்பதை அறிந்த அக்கம்பெனிகள் தத்தமக்கெனத் தீயணைக்கும் ஆட்களை வைத்துக்கொண்டன. காப்புறுதி செய்த வீட்டின் முகப்பிலே ஈயத் தகடொன்றில் தம் முத்திரையையும் பதித்தன. அவ்வாட்களோ பெரும்பாலும் தேம்ஸ் நதியிலே தோணி வலித்துப் பிழைத்தவர்கள். தீ இல்லாத நாளில் துடுப்பு, தீ வந்த நாளில் நீர்ப்பம்பி என்பதே அவர் வாழ்வு. ஒரு கம்பெனியின் ஆட்களுக்கும் மற்றக் கம்பெனியின் ஆட்களுக்கும் இடையே பொதுத்தலைவர் எவரும் இலர். இந்த வீண் செலவை உணர்ந்து 1833-ஆம் ஆண்டிற் பத்துக் கம்பெனிகள் ஒன்று சேர்ந்து ஒரே படையை அமைத்தன. எண்பது பேரளவில் இருந்த அப்படைக்கு அத்தியட்சகராக அழைத்துவரப்பட்டவர் ஸ்கொத்லாந்து நாட்டினரான ஜேம்ஸ் பிரெயிட்வுட் என்பவர்.

இம்மனிதரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 1800-ஆம் ஆண்டு எடின்பரோ நகரிற் பிறந்த இவர், தந்தையாரோடு சேர்ந்து கட்டடத் தொழில் பயின்றவர். மரமும் கல்லும் எவ்வாறு இணைகின்றன, எந்தச் சுவர் எதைத் தாங்குகின்றது, உத்திரம் எரிந்தால் எது முதலிற் சாயும் என்பனவெல்லாம் இவருக்குக் கைவந்த அறிவு. 1824-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரம் தனக்கெனத் தீயணைக்கும் படை ஒன்றை நிறுவியபோது, இருபத்து நான்கே வயதினரான இவரைத் தலைவராக்கிற்று. பதவியேற்றுச் சில வாரங்கள் கழியுமுன்னரே, அவ்வாண்டு நவம்பரில், நகரத்தின் பழைய பகுதியிற் பெருந்தீ மூண்டது. நாட்கணக்காக எரிந்த அத்தீயிலே ட்ரொன் தேவாலயத்தின் கோபுரமும் வீழ்ந்தது. படையோ புதியது, பயிற்சியோ போதாது. அதனினும் பெரிய கேடு ஒன்றிருந்தது. நகர நீதவான்கள் ஒருபுறமும், பொலிசார் ஒருபுறமும், காப்புறுதிக் கம்பெனியார் ஒருபுறமும் நின்று ஆளுக்கொரு கட்டளை இட்டனர். யார் சொற்கேட்டு நடப்பது என்று ஆட்கள் திகைத்தனர்.

அத்தீ அடங்கிய பின்பு நகரத்தார் செய்த முடிவு இன்றும் நினைவுகூரத் தக்கது. தீ எரியும் இடத்திலே படைத்தலைவர் ஒருவர்க்கே கட்டளையிடும் உரிமை உண்டு. நகரபிதாவானாலும் பிரபுவானாலும் மற்றையோர் தலையிடலாகாது என்பதே அம்முடிவு. தலைமை என்ற சொல்லுக்கு இத்தொழிலிலே பொருள் பிறந்தது அன்றுதான் என்று சொன்னாலும் பொருந்தும்.

பிரெயிட்வுட் தமக்கு வேண்டிய ஆட்களைத் தெரிந்தெடுத்த விதமும் சுவையானது. கூரை வேய்வோர், கொத்தர், தச்சர், குழாய் பொருத்துவோர், கொல்லர் ஆகியோரையே அவர் சேர்த்தார். கூரை வேய்வோன் உயரத்தில் நின்று நிலை தளராதவன். தச்சனும் கொத்தனும் வீடு கட்டப்படும் முறையை அறிந்தவர்கள் ஆதலின் ஆபத்து எங்கே மறைந்திருக்கும் என்பதை ஊகிக்க வல்லவர்கள். கொல்லனோ உலைக்களத்து வெப்பத்திலே பழகியவன். இவர்களை விடியற்காலையிலே கூட்டிப் பயிற்றினார். தெருவிலே நின்றுகொண்டு எரிகின்ற வீட்டின்மீது நீரைப் பாய்ச்சுவதிற் பயனில்லை, உட்புகுந்து தீயின் மூலத்தைத் தேடிச் சென்று அவ்விடத்தே நீரைச் செலுத்தவேண்டும் என்பது அவர் போதித்த முதற்பாடம். 1830-ஆம் ஆண்டில் இவற்றையெல்லாம் தொகுத்து நூலாகவும் எழுதினார். அந்நூலே அவரை இலண்டன் கம்பெனிகளுக்கு அறிமுகம் செய்தது.

இலண்டனுக்கு வந்த பின்பு அவர் கருத்து ஓரளவு மாறியது என்பது கவனிக்கத்தக்கது. இங்கே அவர் மாலுமிகளை விரும்பலானார். கட்டளைக்குக் கீழ்ப்படிதல் அவர்களுக்குப் பழக்கம். இரவென்றும் பகலென்றும் பாராது காவலிருத்தலும் பழக்கம். எந்த நேரத்தில் எது வரும் என்று தெரியாத வாழ்வும் பழக்கம். சிறிய நகரத்திலே தொழில் அறிவு முதலிடம் பெற்றது. பெரிய நகரத்திலே கட்டுப்பாடு முதலிடம் பெற்றது. பின்வந்த எழுபது எண்பது ஆண்டுகளும் இலண்டன் படை கப்பலைப் போல் நடத்தப்பட்டமைக்கு வித்து இதுவே. ஆயினும் தலைவர்மட்டில் கட்டடம் அறிந்தவராகவே இருந்தார் என்பதை மறத்தலாகாது. 1834-ஆம் ஆண்டு பாராளுமன்ற மாளிகை எரிந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தை எஞ்சச் செய்தவர்களுள் அவர் முன்னின்றார்.

1861-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22-ஆம் தேதி, தேம்ஸ் நதியின் தென்கரையில், டூலி வீதியிலிருந்த பண்டகசாலைகளிலே தீப்பற்றியது. சணல், பஞ்சு, சீனி, கொழுப்பு, வாசனைத் திரவியம் முதலியன மலைபோற் குவிந்து கிடந்த இடம் அது. தீயைத் தடுக்கும்பொருட்டு இடையிடையே அமைக்கப்பட்டிருந்த இரும்புக் கதவுகள் அன்று திறந்தபடியே கிடந்தன. இத்தகைய பெரும் பண்டகசாலைகளால் நேரக்கூடிய கேட்டைப் பிரெயிட்வுட் பலகாலும் எடுத்துரைத்திருந்தார். அன்று மாலை, வெப்பத்திற் சோர்ந்து நின்ற தம் ஆட்களைத் தேற்றிக்கொண்டு நின்றவர்மேல் சுவரொன்று இடிந்து வீழ்ந்தது. இடிபாட்டினின்று அவருடலை எடுப்பதற்கு இரண்டு நாட் சென்றன. தீயோ இரண்டு வாரம்வரை அடங்கவில்லை. அவருடைய இறுதி ஊர்வலம் ஒன்றரை மைல் நீளம் இருந்தது என்பர். நட்டம் இருபது இலட்சம் பவுணளவில் மதிப்பிடப்பட்டது. இனி இச்சுமையைத் தாங்க எம்மால் இயலாது என்று கம்பெனிகள் அரசாங்கத்துக்கு அறிவித்தன. 1865-ஆம் ஆண்டிலே சட்டம் நிறைவேறி, 1866-ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதி தொடக்கம் இலண்டன் படை பொதுப் பணத்தில் நடைபெறும் படையாயிற்று. அரையணாக் கணக்குப்போலச் சிறு வரியொன்று மக்கள்மீது விதிக்கப்பட்டது. அரசாங்கம் ஆண்டுக்குப் பதினாயிரம் பவுண் கொடுத்தது. காப்புறுதிக் கம்பெனிகளும் தம் பங்கைச் செலுத்தின.

பிரெயிட்வுட்டின் இடத்துக்கு வந்தவர் முற்றும் வேறு வகையினர். எயர் மாசி ஷா என்னும் அவர் அயர்லாந்துக் கனவான் குடும்பத்திற் பிறந்து, டப்ளின் திரித்துவக் கல்லூரியிற் கற்றுப் பட்டம் பெற்று, படையிலே கப்டனாக இருந்து, பின்பு பெல்பாஸ்ட் நகரத்திற் பொலிசுக்கும் தீயணைக்கும் படைக்கும் ஒருங்கே தலைவராய் விளங்கியவர். இலண்டனிலே முப்பது ஆண்டுகள், 1891-ஆம் ஆண்டு வரை, அவர் அதிகாரம் செலுத்தினார். நீராவிப் பம்பிகளைப் பெருக்கினார். தந்தி மூலம் நிலையங்களை இணைத்தார். பாரிசிலே கண்ட மாதிரியைப் பின்பற்றித் தம் ஆட்களுக்குப் பளபளக்கும் பித்தளைத் தலைக்கவசம் அணிவித்தார். நாடகசாலைகளில் நேரும் தீயைப் பற்றி 1876-இல் நூல் எழுதினார். வேல்ஸ் இளவரசர் அவருக்கு நண்பர். தீயென்று கேட்டவுடன் இளவரசரும் உடையணிந்து வந்து சேர்வாராம். 1882-ஆம் ஆண்டில் அரங்கேறிய கில்பர்ட்-சலிவன் இசைநாடகமாகிய ‘அயலாந்தி’யிலே கப்டன் ஷாவின் பெயர் பாட்டில் வைத்தே அழைக்கப்பட்டது. தீயணைக்கும் படைத் தலைவர் ஒருவருடைய பெயர் நாடக மேடையிற் பாடப்படும் அளவுக்குக் கீர்த்தி பெற்ற காலம் அது.

ஷா ஆட்களைச் சேர்த்தது மாலுமிகளிலிருந்து மட்டுமே எனலாம். பிரெயிட்வுட்டின் விருப்பம் ஷாவின் காலத்தில் விதியாயிற்று. வீரர் குடும்பத்தோடு நிலையத்திலேயே வசிக்க வேண்டும். இரவும் பகலும் அழைப்புக்கு ஆயத்தமாய் இருக்க வேண்டும். 1920-ஆம் ஆண்டிலேதான் வீரரை இரு பிரிவாக்கி மாறி மாறிக் கடமை செய்விக்கும் முறை வந்தது. இன்றும் ஆங்கில நாட்டுத் தீயணைக்கும் நிலையங்களில் ஒரு பிரிவினரைக் குறிக்கும் சொல் கப்பலிற் காவல் முறையைக் குறிக்கும் அதே சொல்லாம்.

கீழே மாலுமிகள் இருந்தமையால் மேலே கடற்படை அதிகாரிகள் வருதல் இயல்பே என்று நகரத்தார் எண்ணினர் போலும். ஷாவின் உதவியாளராயிருந்து தலைமைக்கு வந்த சைமண்ட்ஸ் என்பவர் ஐந்தாண்டுக்குள் பதவியை விட நேர்ந்தது. பின்பு 1896-இல் கடற்படைக் கப்டன் வெல்ஸ், 1903-இல் ரியர் அட்மிரல் ஹமில்டன், 1909-இல் கடற்படை அதிகாரியாகிய ஸ்லேடன் என்று ஒருவர் பின் ஒருவராகக் கப்பலின் மேற்றளத்திலிருந்தே தலைவர்கள் இறங்கி வந்தனர். அக்காலப் படையில் இரண்டு வாயில்கள் இருந்தன. சாதாரண வீரனாகச் சேர்ந்தவன் எவ்வளவு திறமையுடையவனாயினும் ஓர் எல்லையோடு நின்றுவிடுவான். அதற்கு மேற்பட்ட பதவிகளுக்குப் படையதிகாரிகளும் பொறியியலாளருமே வெளியிலிருந்து நேரே அமர்த்தப்பட்டனர். இருபது ஆண்டு புகையிலே நின்றவன், நேற்று வந்த கனவானுக்கு வணக்கம் செலுத்தி நிற்கவேண்டும். இது ஆங்கிலச் சமூகத்தின் மேல்மக்கள் கீழ்மக்கள் என்ற பாகுபாட்டை அப்படியே பிரதிபலித்த ஏற்பாடு. ஆயினும் அவ்வழி வந்தோர் எல்லாரும் வெறும் அலங்காரத் தலைவர்கள் என்று தள்ளிவிடுதலும் நியாயமாகாது. கட்டளை தெளிவாக இருத்தல், கருவிகளைத் துருப்பிடியாமற் பேணுதல், ஆட்களை ஒழுங்கில் வைத்தல் ஆகியவற்றிலே அவர்களை விஞ்சுவார் அரியர்.

அவர்களுக்குக் குறைவாயிருந்தது நகரத்தைப் பற்றிய அறிவே என்பது என் கருத்து. கப்பலின் உயரம் மாறுவதில்லை. நகரத்தின் உயரமோ ஆண்டுதோறும் வளர்கின்றது. 1902-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் விக்டோரியா அரசி வீதியில் மின்சாரக் கம்பெனி ஒன்றின் கட்டடம் தீப்பற்றியபோது, மேன்மாடியில் வேலை செய்த இளம்பெண்கள் யன்னலிலே வந்து நின்றனர். படையின் ஏணி அங்கே எட்டவில்லை. அப்பெண்களிற் பலர் மாண்டனர். அதன் பின்பே நெடிய ஏணிகள் வாங்கப்பட்டன.

இதே அவலம் ஒன்பதாண்டு கழித்து அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலும் நிகழ்ந்தது. நியூயோர்க் நகரத்துப் படை தோன்றிய விதம் வேறு. 1865-ஆம் ஆண்டுவரை அங்கே தொண்டர் படைகளே இருந்தன. அவை தீயை அணைத்ததோடு வாக்குகளையும் சேர்த்தன. நகர அரசியலை ஊழலால் ஆட்டிப்படைத்த வில்லியம் ட்வீட் என்பவரும் ஒரு தொண்டர் படைக்குத் தலைவராயிருந்தே செல்வாக்கைத் தேடியவர். சம்பளப் படை வந்த பின்பும் அரசியல் விட்டபாடில்லை. 1899-ஆம் ஆண்டிற் படைத்தலைவரான எட்வேர்ட் குரோக்கர், நகர அரசியற் கட்சியின் மகாபிரபுவாகிய ரிச்சர்ட் குரோக்கரின் சகோதரன் மகன். படையிற் சேர்ந்த சில வாரங்களிலேயே அவருக்குப் பதவியுயர்வு கிடைத்தது. காரணத்தைக் கேட்கவும் வேண்டுமா? எதிர்க்கட்சியார் அதிகாரத்துக்கு வந்ததும் 1902-இல் அவரைப் பதவி நீக்கினர். நீதிமன்றம் அவரை மீண்டும் அமர்த்திற்று.

ஆனால் மனிதரை அவர் வந்த வாயிலைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. சிபாரிசால் வந்த அக்குரோக்கரே தம் தொழிலை உயிராக நேசித்தவர். உயர்ந்த கட்டடங்களிலே தொழிலாளரை நெருக்கி வைத்திருப்பதன் ஆபத்தைப் பலமுறை எச்சரித்தவர். 1911-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி முக்கோணச் சட்டைத் தொழிற்சாலை எரிந்தது. எட்டாம், ஒன்பதாம், பத்தாம் மாடிகளிலே தீ. ஏணியோ ஆறாம் மாடியோடு நின்றது. 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஏழைப் பெண்கள். அவ்வாண்டே குரோக்கர் பதவியினின்று விலகித் தீ நேராமற் காக்கும் முயற்சியிலே தம்மை ஈடுபடுத்திக்கொண்டார். அவருக்குப் பின் வந்த ஜோன் கென்லன் அயர்லாந்திற் பிறந்து, இளமையிற் கப்பலில் வேலை செய்து, சாதாரண வீரராகச் சேர்ந்து, இருபது ஆண்டுகள் தலைவராயிருந்தவர். கடல் இவரையும் விட்டுவைக்கவில்லை பாருங்கள்.

பாரிஸ் நகரத்தார் இவ்வினாவுக்கு ஒரே வீச்சில் விடை கண்டுவிட்டனர். 1810-ஆம் ஆண்டில் ஒஸ்திரியத் தூதுவர் அளித்த நடன விருந்திலே தீப்பற்றிப் பலர் இறக்க, அவ்விருந்திற்கு வந்திருந்த நெப்போலியன் மறு ஆண்டே தீயணைக்கும் பணியை இராணுவத்தின் வசம் ஒப்புவித்துவிட்டான். அன்று முதல் அங்கே தீயணைப்போர் போர்வீரர்களே. தலைவர் இராணுவத் தளபதி. 2019-ஆம் ஆண்டு நோத்ர-டாம் தேவாலயம் எரிந்தபோது, இடிந்து விழக்கூடிய வட கோபுரத்துக்குள் இருபது பேரளவில் அனுப்பும் முடிவை எடுத்தவர் தளபதி கலே ஆவார். மர்செயில் துறைமுகத்திலோ 1939-ஆம் ஆண்டு தொடக்கம் இப்பணி கடற்படைக்கு உரியது.

இனி இலண்டனுக்கு மீள்வோம். 1938-ஆம் ஆண்டிலே தலைவரானவர் கமாண்டர் எயில்மர் பயர்பிரேஸ். இவரும் கடற்படையினரே, பெயரின் முற்பாதியிலே தீயைச் சுமந்தவர். ஆயினும் இவர் 1919-ஆம் ஆண்டே படையிற் சேர்ந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தொழில் பயின்ற பின்னரே தலைமை எய்தினார். யுத்தம் வந்தது. குண்டுகள் வீழ்ந்தன. இலண்டனில் மேஜர் ஜாக்சன் படையை நடத்த, பயர்பிரேஸ் தேசம் முழுவதுக்குமான பொறுப்பை ஏற்றார். அக்காலத்திற் பிரித்தானியாவிலே ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட தனித்தனிப் படைகள் இருந்தன. ஓர் ஊர்க் குழாய் மற்றோர் ஊர்க் குழாயோடு பொருந்தாது. ஓர் ஊர் அதிகாரியின் சொல் மற்றோர் ஊரிற் செல்லாது. எடின்பரோவில் 1824-இல் நேர்ந்த குழப்பமே தேச அளவில் மீண்டும் தோன்றியதெனலாம். 1941-ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் எல்லாப் படைகளும் தேசியத் தீயணைக்கும் சேவையாக ஒன்றிணைக்கப்பட்டன.

யுத்தம் வேறொன்றையும் செய்தது. தீக்குள் நின்று பழகியவன் யார், தோள்மீது பட்டையணிந்து நின்றவன் யார் என்பது இரவுதோறும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. 1948-ஆம் ஆண்டிற் படைகள் மீண்டும் உள்ளூராட்சிச் சபைகளிடம் ஒப்புவிக்கப்பட்டன. இலண்டனுக்குத் தலைவராக வந்தவர் பிரெடெரிக் டெல்வ். இவர் பதினாறு வயதளவிற் கடற்படையிற் சேர்ந்து, பின்பு 1923-ஆம் ஆண்டில் பிரைட்டன் நகரத்துப் படையிற் சேர்ந்து, படிப்படியாக ஏறி, 1934-இல் குரொய்டன் படைக்குத் தலைவராகி, யுத்தகாலத்திலே பெரும் பொறுப்புகளை வகித்தவர். 1962-ஆம் ஆண்டு வரை இலண்டன் படையை நடத்திய இவருக்கும் ‘சேர்’ பட்டம் கிடைத்தது. பட்டம் ஒன்றேயாயினும், ஷா கனவானாகப் பிறந்து அதைப் பெற்றார். டெல்வ் படிகளில் ஏறிவந்து பெற்றார்.

அக்காலந் தொட்டுப் பிரித்தானியாவில் ஒரே வாயில் என்ற முறை நிலைபெற்றது. தலைவராக விரும்புபவரும் முதலிற் சாதாரண வீரராகவே சேர வேண்டும். குழாய் சுமக்க வேண்டும். பரீட்சை எழுத வேண்டும். ஒவ்வொரு பதவியையும் கடக்க வேண்டும். அதிகாரிகளைப் பயிற்றுவதற்கென 1968-ஆம் ஆண்டில் மோர்ட்டன்-இன்-மார்ஷ் என்னும் ஊரிலே தேசியக் கல்லூரி ஒன்றும் திறக்கப்பட்டது.

நியூயோர்க்கிலும் இதை ஒத்த முறையே இன்றளவும் உண்டு. லெப்டினன்ட், கப்டன், பட்டாளத் தலைவர், உப தலைவர் ஆகிய பதவிகளுக்கு எழுத்துப் பரீட்சையே வழி. அதற்கு மேலே தெரிவு. இந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் நின்றவர் என்று சொல்லத்தக்கவர் வில்லியம் பீஹன். 1959-ஆம் ஆண்டிற் பயிற்சி வீரராகச் சேர்ந்து, படையில் உள்ள பதவிகள் அனைத்தையும் வகித்து, ஆணையாளராகவும் இருந்தவர். படைத்தலைவர் பீற்றர் கான்சி, வானிலிருந்து குதிக்கும் போர்வீரராயிருந்து 1968-இற் சேர்ந்தவர். 2001-ஆம் ஆண்டு செப்டெம்பர் 11-ஆம் தேதி, முதற் கோபுரம் வீழ்ந்த பின்பு, கான்சி தம் ஆட்களை வடக்கே விலகிச் செல்லும்படி பணித்துவிட்டுத் தாம் தெற்கே, இடிபாட்டை நோக்கி நடந்தார். இரண்டாங் கோபுரம் வீழ்ந்தபோது அவரும், எழுபத்தொரு வயதினரான பீஹனும் இறந்தனர். அன்று மாண்ட அப்படையினர் 343 பேர்.

ஆயினும் அந்நகரத்திலே படைத்தலைவருக்கு மேலே ஆணையாளர் ஒருவர் உண்டு. அவரை நியமிப்பவர் நகரபிதா. அவர் தீயணைத்துப் பழகியவராயிருத்தல் வேண்டும் என்ற நியதியில்லை. 1996-இல் நியமனம் பெற்ற தோமஸ் வொன் எசன் வீரராயும் தொழிற்சங்கத் தலைவராயும் இருந்தவர். 2022-இல் முதற் பெண் ஆணையாளராகிய லோரா கவனா நிர்வாகத் துறையிலிருந்து வந்தவர். தீயணைக்கும் வீரராய் இருந்தவரல்லர். மறு ஆண்டு அவர் மூத்த தலைவர்கள் மூவரைப் பதவியிறக்கியபோது, வேறு சில தலைவர்கள் தம்மையும் பதவியிறக்கிவிடும்படி கேட்டு எழுதிக்கொடுத்தனர். படியேறி வந்தோருக்கும் வெளியிலிருந்து வந்தோருக்கும் இடையேயுள்ள பழைய பிணக்கு இன்னும் ஆறவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் படியேறி வந்தவரே தக்கவர் என்று முடித்துவிடலாமா? இலண்டனில் நிகழ்ந்தவை அவ்வாறு முடிக்க இடந்தரவில்லை.

2017-ஆம் ஆண்டு ஜனவரியில் இலண்டன் படையின் முதற் பெண் ஆணையாளராகப் பதவியேற்றவர் டேனி கொட்டன். பதினெட்டு வயதிலே, 1988-ஆம் ஆண்டிற் சேர்ந்தவர். சேர்ந்து மூன்று மாதத்துக்குள் கிளப்பம் சந்திப்பிலே நேர்ந்த பெரும் புகையிரத விபத்தைக் கண்டவர். படியேறி வந்தோருள் அவரினுஞ் சிறந்த உதாரணம் காட்டல் அரிது. அவர் பதவியேற்ற ஆறாம் மாதத்தில், ஜூன் 14-ஆம் தேதி நள்ளிரவு கடந்து, கிரென்பெல் என்னும் இருபத்து நான்கு மாடிக் குடியிருப்பிலே தீப்பற்றியது. ஒரு வீட்டிலே பற்றிய தீ அவ்வீட்டுச் சுவர்களைத் தாண்டாது என்பது இத்தகைய கட்டடங்களைப் பற்றிய பழைய நம்பிக்கை. ஆகவே மற்றையோர் தத்தம் வீட்டினுள்ளேயே இருக்கவேண்டும் என்பது படையின் வழக்கமான புத்திமதி. ஆனால் கட்டடத்தின் வெளிப்புறத்தே புதிதாகப் பொருத்தப்பட்டிருந்த தகடுகள் எரியும் இயல்பின. தீ அவற்றைப் பற்றி மேலேறியது. உள்ளேயே இருங்கள் என்ற புத்திமதி மாற்றப்பட்டபோது நேரம் 2 மணி 47 நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு முன்பே அது மாற்றப்பட்டிருக்க வேண்டும் என விசாரணைக் குழு 2019-இல் அறிவித்தது. 72 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு டிசம்பரிலே கொட்டன் பதவியைவிட்டு நீங்கினார்.

அந்தப் புத்திமதியை மாற்றியவர், சில நிமிடங்களுக்கு முன்னரே அங்கு தலைமையேற்ற அண்டி ரோ என்பவர். இராணுவ அதிகாரியாயிருந்து, அதை விட்டு, 2002-ஆம் ஆண்டிலே சாதாரண வீரராகப் படையிற் சேர்ந்தவர். 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் அவரே ஆணையாளரானார். ஷா வந்த வாயிலையும் டெல்வ் வந்த வாயிலையும் ஒருங்கே கடந்து வந்தவர் இவர்.

விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை 2024-ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளிவந்தது. வீரரின் துணிவை அது குறை கூறவில்லை. மூத்த அதிகாரிகளிடம் தம் படையின் திறமையைப் பற்றி மெத்தனம் குடிகொண்டிருந்தது. குறைகளைக் கண்டறிவதற்கு வேண்டிய நிர்வாகத் திறன் அவர்களிடம் இருக்கவில்லை. 2009-ஆம் ஆண்டில் லக்கனல் மாளிகையிலே ஆறு பேர் மாண்ட தீயிலிருந்து கற்கவேண்டியதைக் கற்கவில்லை என்பதே அதன் சாரம். புகையிலே பெற்ற அனுபவம் ஒருவரை நல்ல வீரராக்கும். ஆயிரக்கணக்கான ஆட்களையும், பணத்தையும், மாறிவரும் கட்டட முறைகளையும் பற்றிய அறிவு தானாக அதனோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. வெளியிலிருந்து நேரே வருவோருக்கும் மேற்பதவிகளைத் திறந்துவிட வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டிலேயே ஓர் அரசாங்க ஆய்வு சொல்லியிருந்தது. வீரரின் சங்கத்தாருக்கு அது உவப்பாயிருக்கவில்லை.

மோர்ட்டன்-இன்-மார்ஷிலிருந்த தேசியக் கல்லூரியை அரசாங்கம் 2013-ஆம் ஆண்டிலே தனியார் கம்பெனிக்கு விற்றுவிட்டது. தீயணைக்கும் சேவைக்கெனச் சுதந்திரமான கல்லூரியொன்றைத் தாமதமின்றி நிறுவவேண்டும் என்பது விசாரணைக் குழுவின் விதப்புரைகளுள் ஒன்று. அரசாங்கம் 2025-ஆம் ஆண்டில் அதை ஏற்றுக்கொண்டது.